கந்தோருக்கு வாடகைக் கன்றுகள்: மட்டக்களப்பில் எடுத்துப் பார்த்த ஒரு சேவை

மட்டக்களப்பு திருமலை வீதியில் ஒரு கணக்காளர் கந்தோரில் நிர்வாகம் பார்க்கிறேன். மாடியில் ஒரே மண்டபம், பதினொரு மேசை, சுவரோரம் முழுக்க கோப்புகள். கொழும்பில் யாருடையதோ கந்தோரைப் பார்த்துவிட்டு வந்த சேர், "எங்களுக்கும் கொஞ்சம் பச்சை வேணும்" என்றார். நகரத்துக்கு வெளியே நாற்றுமேடை வைத்திருக்கும் ஒருவர் கன்றுகளை வாடகைக்குத் தருவதாகக் கேள்விப்பட்டு, அவரிடமே எடுத்தோம். 12 சாடிக்கு மாதம் 6000 ரூபாய். கிழமைக்கு ஒருக்கா ஒரு தம்பி வந்து தண்ணீர் விட்டு, இலை துடைத்து, வாடியதைத் தூக்கிப் போவார்.

இதில் காசுக்கு மதிப்பான விஷயம், கன்றுகளை மாற்றிக்கொண்டே இருப்பதுதான். அரேக்கா பாம் பார்க்க நல்ல வடிவு. ஆனால் வெளிச்சம் குறைந்த ஏசி அறையில் விட்டுவைத்தால் ஓலை நுனி கருகத் தொடங்கும். இவர்கள் கருகும்வரை காத்திருப்பதில்லை. உள்ளே நின்றதை நாற்றுமேடை நிழலுக்குக் கொண்டுபோய்த் தேற்றிவிட்டு, தேறினதைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். சொந்தமாக வாங்கி வைத்த கந்தோர்களில் கொஞ்சக் காலத்தில் வெறும் சாடியும் சிகரெட் துண்டும்தான் மிஞ்சும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஸ்நேக் பிளாண்டுக்கு மட்டும் வாடகை கொடுக்காதீர்கள். அதை வாங்கி மூலையில் வைத்து, இரண்டு மூன்று கிழமைக்கு ஒருக்கா தண்ணீர் காட்டினால் போதும், தானாக இருக்கும்.

அவர்களுடைய துண்டுப்பிரசுரத்தில் 'காற்றைச் சுத்திகரிக்கும்' என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. அதை நம்பி எடுக்க வேண்டாம். நாசா 1989இல் வெளியிட்ட ஆய்வில் இருந்துதான் இந்தக் கதை கிளம்பியது. அது நாலு பக்கமும் அடைத்த சிறிய பெட்டிக்குள் செய்தது. 2019இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். கட்டடத்துக்குள் சாதாரணமாக வந்துபோகும் காற்று செய்கிற வேலையைக் கன்றுகள் செய்ய, ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 வரை வேண்டுமாம். எங்கள் மண்டபத்தில் அப்படி வைத்தால் நாங்கள் வீதியில் இருந்துதான் கணக்கு எழுத வேண்டும்.

எனக்குப் பிடித்ததோ பட்டியலில் இல்லாத ஒன்று. முதல் நாள் சாடிகளுக்கு இடம் பார்த்த அந்தத் தம்பி, "மிஸ், இந்த அலுமாரிக்குப் பின்னால யன்னல் இருக்கே" என்றார். இருந்தது. இரும்பு அலுமாரியும், கண்ணாடியில் ஒட்டிய எங்கள் விளம்பர ஸ்டிக்கரும் சேர்ந்து அதை மறைத்திருந்தன. அலுமாரியை நகர்த்தி ஸ்டிக்கரைச் சுரண்டினோம். பக்கத்து வளவு வேம்பும், அதற்கப்பால் வாவியில் ஒரு கீற்றும் தெரிந்தன. பெண்சில்வேனியாவில் ஒரு ஆஸ்பத்திரியில் பித்தப்பை சத்திரசிகிச்சை செய்தவர்களை வைத்து ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984இல் எழுதிய ஆய்வு, பசுமையைப் பார்ப்பது மனிதருக்கு என்ன செய்கிறது என்று பேசுகிறவர்களிடையே பிரபலம். மரம் தெரியும் யன்னலோரம் படுத்த 23 பேர், செங்கல் சுவரைப் பார்த்துப் படுத்த 23 பேரைவிட விரைவாக வீட்டுக்குப் போனார்கள், கடுமையான வலிமருந்தும் குறைவாகவே கேட்டார்கள். கணக்காளர்கள் நோயாளிகள் இல்லைத்தான். ஆனாலும் வருமான வரி அறிக்கைக்கு நவம்பர் 30 நெருங்கும்போது எங்கள் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. இப்போது ஆளாளுக்கு எழும்பி அந்த யன்னலடியில் நின்றுதான் தேத்தண்ணி குடிக்கிறார்கள். வாடைக் காலத்தில் மழையில்லாத காலைகளில் யன்னலைத் திறந்து ஏசியையும் நிறுத்தி வைக்கிறோம். கொழும்பில் அரச ஈட்டு வங்கிக்காகக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1970களின் பிற்பகுதியில் வரைந்த உயர்ந்த கட்டடமே இயற்கைக் காற்றை உள்ளே விடும்படி அமைத்ததுதான். எங்கள் ஒரு மாடிக்கு அது கஷ்டமா?

சரி, குறைகள். சாடிக்குக் கீழே தண்ணீர் தேங்கும் தட்டுகளோடு கொண்டுவந்து வைத்தார்கள். டெங்கு ஊரில் இது விளையாட்டில்லை. நுளம்பு முட்டையிட்டுப் பறக்க ஒரு கிழமை, பத்து நாள் போதும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் பதில் சொல்ல வேண்டியது நாங்கள். சத்தம் போட்ட பிறகுதான் தட்டு நிறைய மணல் போட்டுத் தந்தார்கள். மேற்கிலிருந்து சூடாக வரும் கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேற்குப் பக்க வராந்தாவில் பீஸ் லில்லியை வைத்ததும் அவர்கள் யோசனைதான். துவண்டு விழுந்தது. இந்த ஊரில் நாற்றுமேடை நடத்துகிறவருக்கு இதை நான் சொல்லியா தெரிய வேண்டும்? அந்த இடத்துக்குப் பிறகு குரோட்டன் வந்தது, நிற்கிறது.

அப்புறம் செங்குத்துத் தோட்டம். சுவர் முழுக்கச் சிறு சாடி அடுக்கி, குழாய் பூட்டித் தருவதற்கு 185,000 ரூபாய் விலை தந்தார்கள். சேருக்கு ஆசை. கோப்பு அடுக்கிய சுவரில் ஈரத்தை ஏற்றினால் பூஞ்சணம்தான் முதலில் வளரும் என்று நான் மறுத்துவிட்டேன்.

எடுப்பதாக இருந்தால் ஆறு சாடியோடு தொடங்குங்கள். நாலு சாடிக்குக் குறைய வரமாட்டார்கள். அடைமழைக் கிழமைகளில் அந்தத் தம்பி வருவதில்லை, ஆனால் பில் முழுசாக வரும். வராத கிழமைக்குக் கழிப்பதாக முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.