சோற்றுக் கணக்கில் ஜெயித்த கண்டி

சரித்திரத்தை ஓரிடத்தில் மட்டும் திருப்பிவிட்டுக் கதை எழுத உட்கார்ந்தேன். போர்க்கைதிகள்தான் விஷயம். இலங்கை மலையகத்தில் எனக்குக் கிடைத்த திருப்பங்கள் இரண்டு. தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயரோடு சண்டையிட்டுப் பிடிபட்ட, டச்சு வழிவந்த போவர் கைதிகள் 1900இல் தியத்தலாவை முகாமுக்கு வராமலே இருந்திருந்தால்? 1803 ஜூனில், அப்போது தனி ராஜ்யமாக இருந்த கண்டியில் சரணடைந்த ஆங்கிலப் படையை, மகாவலிக் கரையில் கொல்லாமல் கைதிகளாக வைத்திருந்தால்?

முதலில் தியத்தலாவையைத்தான் தொட்டேன். பதுளை ரயிலில் போகும்போதெல்லாம் கண்ணில் படுகிற இடம். தகரக் கொட்டகைகள், முள்கம்பி, ஏறக்குறைய 5,000 பேர். நாலு பக்கத்தில் கதை படுத்துவிட்டது. 1902இல் சண்டை முடிய, அநேகமாக எல்லோரும் ஊர் திரும்பிவிட்டார்கள். அவர்கள் வராவிட்டால் இங்கே என்ன பெரிதாக மாறியிருக்கும்?

என்னைக் கண்டிப் பக்கம் இழுத்தது சோற்றுக் கணக்கு. கைதிக்கு யார் படி அளப்பது? ஆங்கிலேயரிடம் கப்பலும் ரயிலும் இருந்தன, சமாளித்தார்கள். போவர்களோ கெரில்லாச் சண்டைக் காலத்தில், பிடித்த சிப்பாயின் துப்பாக்கியையும் உடுப்பையும் உருவிக்கொண்டு விரட்டிவிட்டார்கள். கண்டியின் வழி இரண்டிலும் சேராது. கண்டி ராஜா இரண்டாம் இராஜசிங்கன் 1660இல் பிடிபட்ட ஆங்கில மாலுமி ராபர்ட் நாக்ஸையும் கப்பல் ஆட்களையும் ஊர் ஊராகப் பிரித்து விட்டான். சோறு ஊரார் பொறுப்பு. காவல் காட்டின் பொறுப்பு. கைதிகள் லேசுப்பட்டவர்கள் இல்லை. சமைத்த சோறு வேண்டாம், அரிசியாகக் கொடு என்று கேட்டு வாங்கி மிச்சம் பிடித்தார்கள். நாக்ஸ் தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்கு விட்டார். தப்பியோட 19 வருஷம் ஆனது.

1803இலும் அந்த வழக்கம் செத்துவிடவில்லை. சரணடைந்த படையின் தளபதி டேவியைக் கொல்லாமல், அவர் இறக்கும்வரை கண்டியிலேயே வைத்திருந்தார்களே! காய்ச்சலில் கிடந்த அந்தச் சிப்பாய்களையும் தும்பறை, ஊவா ஊர்களுக்குப் பிரித்து அனுப்பியிருந்தால், பேரம் பேசக் கையில் ஆள் இருந்திருக்கும். 1815இல் கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனே கைதியாகி, அடுத்த வருஷம் வேலூர் போனபோது, மாற்றிக்கொள்ள யாருமே இல்லை.

கண்டி தப்பியிருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பிரதானிகள் கைவிட்ட ராஜாவைப் பிணைக்கைதிகள் எவ்வளவு நாள் காப்பாற்றியிருப்பார்கள்? ஆனாலும் கதைக்கு இதுதான் தோது. சரி என்று எழுதப் போனால் வேறொரு சிக்கல்: கண்டி விழாவிட்டால் கோப்பித் தோட்டம் இல்லை, தோட்டம் இல்லாவிட்டால் எங்கள் ஆட்களும் கடல் தாண்டியிருக்க மாட்டார்கள். இப்போதைக்குக் கதாநாயகனை இராமநாதபுரத்திலேயே உட்கார வைத்திருக்கிறேன்.