மீனம்பாக்கம் டு மாமல்லபுரம்: நள்ளிரவில் எந்த வண்டியை நம்பி ஏறுவது?

போன டிசம்பரில் அக்கா குடும்பம் கோலாலம்பூரிலிருந்து வந்தது. திருக்கடையூரில் அத்தானுக்கு அறுபதாம் கல்யாணம். அதற்கு முன் இரண்டு நாள் மாமல்லபுரம் பக்கம் கடலோர ரிசார்ட் ஒன்றில் எல்லோருமாக இருக்கலாம் என்று ஏற்பாடு. ஐந்து பேர், எட்டுப் பெட்டி. அத்தானின் அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. விமானம் இரவு பதினொன்றரைக்கு இறங்கியது. இமிக்ரேஷன், பெட்டி, கஸ்டம்ஸ் எல்லாம் முடித்து அவர்கள் வெளியே வரும்போது மணி ஒன்று.

அழைத்துப் போக வந்திருந்த நான் ஆப்பில் ஏழு பேர் உட்காரும் வண்டி ஒன்றைப் போட்டேன். சென்னை விமான நிலையத்தில் ஆப் டாக்சி டெர்மினல் வாசலுக்கு வராது. மல்டிலெவல் கார் பார்க்கிங்குக்குப் போய்த்தான் ஏற வேண்டும். எட்டுப் பெட்டியையும் தள்ளிக்கொண்டு, அத்தையைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு அங்கே போய் நின்றோம். டிரைவர் போன் செய்தார்.

"டிராப் எங்க மேடம்?"

"மாமல்லபுரம்."

"மகாபலிபுரமா? இந்நேரத்துக்கு அங்கேருந்து ரிட்டர்ன் கிடைக்காது மேடம். மேல ஐநூறு போட்டுக் குடுங்க, கேஷா."

சரி என்றேன். வந்தார், டிக்கியைத் திறந்தார். மூன்றாம் வரிசை சீட்டை நிமிர்த்தியபின் பின்னால் இருந்தது ஒரு முழ இடம். அதையும் சிஎன்ஜி சிலிண்டர் அடைத்துக்கொண்டிருந்தது. இரண்டு பெட்டிக்கு மேல் ஏறவில்லை. இன்னொரு வண்டி போட்டோம். அது இரண்டு முறை கேன்சல் ஆனது. ரிசார்ட் வாசலில் இறங்கும்போது மணி மூன்றரை. அத்தையின் இரண்டு கணுக்காலும் வீங்கியிருந்தன. அந்த வீக்கத்தைப் பார்த்த பிறகுதான் இந்த விஷயத்தை ஒழுங்காக விசாரிக்க ஆரம்பித்தேன். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை யாராவது வருகிறார்கள். இப்போது ஏறக்குறைய எல்லா வழியையும் பார்த்துவிட்டேன்.

காலி வண்டிக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

ஐநூறு கேட்ட டிரைவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் சொன்னது நிஜம். விமான நிலையத்திலிருந்து மாமல்லபுரம் சுமார் 55 கிலோமீட்டர். ராத்திரி மூன்று மணிக்கு அங்கிருந்து சென்னைக்குச் சவாரி கிடைக்காது. நமக்கு 55 கிலோமீட்டர் என்றால் அவருக்கு 110. அந்தக் காலி 55 கிலோமீட்டருக்கான டீசலை யார் தலையில் கட்டுவது என்பதில்தான் ஒவ்வொரு வழியும் வேறுபடுகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் ரேட்டில் இருக்கும் வித்தியாசம், கேன்சல், பேரம் எல்லாவற்றுக்கும் காரணம் தெரிந்துவிடும்.

ஆப்பில் சாதாரண சவாரியாகப் போட்டால் திரும்பும் காசு கணக்கில் சரியாக வராது. அதனால்தான் போன் செய்து "டிராப் எங்க" என்ற கேள்வி. அதே ஆப்பில் அவுட்ஸ்டேஷன் அல்லது இன்டர்சிட்டி என்று தனியாக ஒன்று இருக்கும். அதில் போட்டால் தொகை கூடுதலாகக் காட்டும், ஆனால் எங்கே போகிறோம் என்று தெரிந்தே டிரைவர் வருவார். பகலில், ஒருவர் இருவர், கையில் ஆளுக்கொரு பெட்டி என்றால் இது போதும். நானே தனியாகப் போனால் இதில்தான் போவேன்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இதில் வேறொரு சிக்கல். இந்திய சிம் இருக்காது. ஏர்போர்ட் வைஃபைக்கு ஓடிபி வேண்டும். வெளிநாட்டு நம்பருக்கு டிரைவர் கூப்பிட மாட்டார், கூப்பிட்டாலும் போகாது. அழைக்க ஆள் வராத குடும்பம் ஆப்பை நம்பி இறங்கக் கூடாது என்பேன்.

வெளியே வரும் வழியிலேயே பிரீபெய்ட் டாக்சி கவுண்டர்கள் உண்டு. ரேட் முன்கூட்டியே தெரியும், ரசீது கொடுப்பார்கள், திரும்பும் காசு அதிலேயே அடங்கிவிடும், வண்டி பக்கத்திலேயே நிற்கும். விமானம் எவ்வளவு லேட்டானாலும் நமக்காக யாரும் காத்திருக்கவில்லை என்ற நிம்மதி இதில் கிடைக்கும். வளைகுடா, சிங்கப்பூர் விமானங்கள் அடுத்தடுத்து இறங்கும் நேரத்தில் வரிசை நீளும், பெரிய வண்டி தீர்ந்துபோகும். பணம் கட்டுமுன் "டிக்கியில் சிலிண்டர் இருக்கா?" என்று கேளுங்கள். ரசீது இறங்கும்வரை உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

ஒன்வே என்று விளம்பரம் செய்யும் டிராப் டாக்சியைப் பார்த்ததும் இதுதான் மலிவு என்று தோன்றும். போன பக்கத்துக்கு மட்டும் காசு என்பார்கள். ஆனால் இவர்களில் பலர் குறைந்தபட்சம் 130 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுகிறார்கள். கிலோமீட்டருக்கு 14 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 55 கிலோமீட்டர் ஓடினாலும் 130-க்குக் கட்ட வேண்டும், 1,820 ரூபாய். அதன்மேல் டிரைவர் பேட்டா 400 என்றால் 2,220. டோலும் பார்க்கிங்கும் தனி. இது தூரப் பயணத்துக்கான ஏற்பாடு. மாமல்லபுரத்திலிருந்து திருக்கடையூர் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அதற்கு டிராப் டாக்சியில்தான் போனோம், காசுக்குக் காசு சரியாக இருந்தது.

டிராவல்ஸ் பேக்கேஜ் என்றால் 8 மணி நேரம் 80 கிலோமீட்டர் என்பார்கள். மீட்டர் ஓடுவது அவர்கள் வண்டி நிறுத்தும் ஷெட்டிலிருந்து கிளம்பி மறுபடி ஷெட் வரைக்கும். ஷெட் அண்ணாநகரில் இருந்தால் அங்கிருந்து ஏர்போர்ட், மாமல்லபுரம், மறுபடி அண்ணாநகர் என்று 80-ஐத் தாண்டிவிடும். மிச்சத்துக்குக் கிலோமீட்டர் கணக்கில் கூடுதல். வழியில் சிம் வாங்கணும், சாப்பிடணும், தாம்பரத்தில் பாட்டியைப் பார்த்துவிட்டுப் போகணும் என்கிறவர்களுக்கு மட்டும் இது லாபம்.

பஸ்ஸைப் பற்றி ஒரு வரி. திரிசூலத்தில் மின்சார ரயில் ஏறித் தாம்பரம் போய், அங்கிருந்து 515 பிடித்தால் மாமல்லபுரம். முதுகில் ஒரே பை, பகல் நேரம் என்றால் தாராளமாகப் போகலாம்.

காத்திருப்பு

ரிசார்ட் அனுப்பும் வண்டியும், வெளிநாட்டிலிருந்தே கார்டு போட்டு முன்பதிவு செய்யும் இணையதள வண்டியும் ஒரு வகையில் ஒன்றுதான். பெயர் எழுதிய அட்டையோடு ஒருவர் நிற்பார். மொழி தெரியாதவர்களுக்கும் தனியாக வரும் பெண்களுக்கும் அந்த அட்டையைப் பார்த்ததும் வரும் ஆறுதல் பெரிது. ரிசார்ட் வண்டிதான் பெரும்பாலும் இருப்பதிலேயே விலை கூடியது, வரியும் தனி. ஆனால் சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் இருந்தால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். அது ரிசார்ட்டின் பொறுப்பு. வண்டி வராவிட்டால் ரிசப்ஷனில் ஒருவர் போனை எடுத்துப் பதில் சொல்லியாக வேண்டும்.

இணையதள முன்பதிவில் வண்டி ஓட்டுவது எப்படியும் உள்ளூர் டிராவல்ஸ்தான், நடுவில் ஒருவர் கமிஷன் எடுப்பார். இலவசக் காத்திருப்பு 45 நிமிடம், 60 நிமிடம் என்று போட்டிருப்பார்கள். அந்த நிமிடம் எப்போது தொடங்குகிறது என்று யாரும் படிப்பதில்லை. விமானம் உண்மையில் தரையிறங்கிய நேரத்திலிருந்தா, டிக்கெட்டில் போட்ட நேரத்திலிருந்தா, நாம் எழுதிக் கொடுத்த பிக்கப் நேரத்திலிருந்தா? அக்கா குடும்பம் இறங்கி வெளியே வர ஒன்றரை மணி நேரம் ஆனது. 60 நிமிடக் கணக்கு அதற்குப் பத்தாது. அதனால் ஃப்ளைட் நம்பரைக் கண்டிப்பாகக் கொடுக்க வேண்டும், பிக்கப் நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளிப் போட முடியுமா என்று கேட்க வேண்டும்.

புயல் காலமென்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் ஓடுபாதையில் தண்ணீர் ஏறி சென்னை விமான நிலையத்தையே மூடினார்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலுக்கும் மூடினார்கள். விமானம் வேறு ஊருக்குத் திருப்பப்பட்டால் கட்டிய பணம் என்ன ஆகும்? 24 மணி நேரத்துக்கு முன் கேன்சல் செய்தால்தான் திரும்ப வரும் என்று பல இடத்தில் இருக்கும். நடுவானில் திருப்பப்படும் விமானத்துக்கு அந்த விதி உதவாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் முழுப் பணத்தையும் முன்னால் கட்டும் வழி எனக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சம் அட்வான்ஸ், மிச்சம் இறங்கியபின் என்பவர்களே மேல்.

எங்கே இருக்கிறது உங்கள் ரிசார்ட்?

இதில் ஏமாந்தவர்கள் நிறைய. வெளிநாட்டு முன்பதிவில் எல்லா ரிசார்ட்டும் "மகாபலிபுரம்" என்றுதான் இருக்கும். நிஜத்தில் ஒன்று கோவளத்தில் இருக்கும், ஒன்று வடநெம்மேலியில் முதலைப்பண்ணை பக்கம், ஒன்று பட்டிப்புலத்தில், ஒன்று கடற்கோயிலைத் தாண்டி. கோவளத்துக்கும் மாமல்லபுரம் ஊருக்கும் நடுவே மட்டும் 15 கிலோமீட்டருக்கு மேல். ஊர் பெயரைச் சொல்லி ரேட் பேசினால், கோவளத்தில் இறங்குகிறவர் மாமல்லபுரம் வரைக்குமான காசைக் கொடுப்பார். ரிசார்ட் பெயரைச் சொல்லி, மேப் லொகேஷனை அனுப்பிய பிறகே ரேட் கேளுங்கள். கோவளத்தில் இறங்குகிறவர்களுக்கு ஆப் டாக்சிகூடச் சுலபமாக வரும். இறக்கிவிட்டுப் பழைய மகாபலிபுரம் சாலை பக்கம் போனால் டிரைவருக்குத் திரும்பும் சவாரி கிடைத்துவிடும்.

வழியும் இரண்டு. பல்லாவரம் துரைப்பாக்கம் 200 அடி ரோட்டில் போய் சோழிங்கநல்லூர் வழியாக ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஏறுவது ஒன்று. அதில் உத்தண்டி டோல் வரும். தாம்பரம், வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்தில் ஏறுவது இன்னொன்று. அதில் உத்தண்டி வராது. ராத்திரியில் எது என்றாலும் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடலாம். பெருமழை நாளில் முதல் வழி பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் நடுவே போகிறது என்பதை நினைவில் வையுங்கள். டோல் ரேட்டுக்குள் சேர்த்தியா என்று முன்பே கேட்டுவிட்டால் இறங்கும்போது வாக்குவாதம் இருக்காது.

நான் இப்போது செய்வது

மாமல்லபுரத்திலேயே இருக்கும் டிராவல்ஸ்காரர்களிடம் சொல்லிவிடுகிறேன். காரணம், பழைய கணக்குதான். இரவு விமானங்கள் வருவது போலவே போகவும் செய்கின்றன. ஊரிலிருந்து யாரையாவது விமானம் ஏற்ற வரும் வண்டி, நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு வீடு திரும்பும். டிரைவருக்கு இரண்டு பக்கமும் சவாரி. அப்படி அமைந்த நாளில் எனக்குக் கிடைத்த ரேட் சென்னை வண்டிகள் எதிலும் கிடைக்கவில்லை. அமையாவிட்டாலும் அவருக்குக் காலியாக வரும் பக்கம்தான் முதலில் முடிந்துவிடுகிறது, நம்மை ஏற்றிக்கொண்டு தன் வீட்டுக்குப் போகிறார். தூக்கக் கலக்கத்தோடு மறுபடி 55 கிலோமீட்டர் ஓட்ட வேண்டியதில்லை. வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளை நினைத்தால் எனக்கு இது காசைவிடப் பெரிய விஷயம்.

குறை இல்லாமல் இல்லை. ஆப் கிடையாது, எல்லாம் போனும் வாட்ஸ்அப்பும்தான். கிறிஸ்துமஸ், பொங்கல் நாட்களில் வண்டி கிடைப்பது கஷ்டம். கிளம்பும் அன்று மாலை டிரைவர் பெயர், நம்பர், வண்டி எண் மூன்றையும் கேட்டு வாங்கியாக வேண்டும். வண்டி மஞ்சள் நம்பர் பிளேட்டா என்றும் பாருங்கள். வெள்ளை பிளேட் சொந்த உபயோகத்துக்கானது. அதை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தப்பு, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரிக்க அது போதும். மின்சார வாடகை வண்டி என்றால் பச்சை பிளேட்டில் மஞ்சள் எழுத்து.

பெட்டிக் கணக்கையும் ஆள் கணக்கோடு சேர்த்துச் சொல்லுங்கள். ஐந்து பேருக்குப் பன்னிரண்டு சீட் டெம்போ டிராவலர் எதற்கு என்று தோன்றும். எட்டுப் பெட்டி இருந்தால் இரண்டு காருக்குக் கொடுப்பதையும் அதற்குக் கொடுப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாலு பெட்டி வரைக்கும் மேலே கேரியர் உள்ள இன்னோவா தாங்கும். மழை நாளென்றால் தார்ப்பாய் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

திரும்பும்போது கணக்கு தலைகீழ். ராத்திரி இரண்டு மணிக்கு மாமல்லபுரத்தில் ஆப்பில் வண்டி தேடுவது வீண், அங்கே உள்ளூர் வண்டிதான். ஞாயிறு சாயங்காலம் கிளம்புகிறவர்கள் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும், ஈசிஆர் முழுக்கச் சென்னை திரும்பும் கார்கள். பிப்ரவரியில் சித்தப்பா குடும்பம் வந்தபோது இறக்கிவிட்ட டிரைவரிடமே திரும்பும் தேதியைச் சொல்லி வைத்தோம். விடியற்காலை நான்கு மணி விமானம். அவர் பன்னிரண்டேகாலுக்கே ரிசார்ட் வாசலில் வந்து நின்று, ஹார்ன் அடிக்காமல் மெசேஜ் மட்டும் போட்டிருந்தார்.