கண்ணைக் கட்டிக்கொண்டு இசைக்கு வரைய: எந்தச் சாமானுக்குக் காசு கொடுக்கலாம்

கண்ணைக் கட்டிக்கொண்டு, இசை ஓடி முடிவதற்குள் ஒரு தாளை வண்ணத்தால் நிரப்பும் திட்டத்தைத் தொடங்குகிறவர்கள், கடைக்குப் போனதும் முதலில் நல்ல பெயிண்டாகப் பார்த்து எடுக்கிறார்கள். பட்ஜெட்டில் பாதி அங்கேயே போய்விடுகிறது. இந்த வேலையில் பெயிண்ட் நான்காவது இடத்தில்தான் வரும். கண்ணை மூடியதும் கை முதலில் தொலைப்பது இடத்தை: தாள் எங்கே முடிகிறது, நடு எங்கே இருக்கிறது, கிண்ணம் எந்தப் பக்கம், உடம்பு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. இதைக் காப்பாற்றித் தருகிற சாமானே நல்ல சாமான். இந்த மதிப்பீடு முழுவதும் அந்த ஒரே அளவுகோலை வைத்துத்தான். தனியாக வரைகிறவருக்கும் எட்டுப் பத்துப் பேர் உட்காரும் பட்டறைக்கும் இது பொருந்தும்.

கண்கட்டிலிருந்து தொடங்கலாம். ரயிலில் தூங்கப் போட்டுக்கொள்ளும் தட்டையான சாட்டின் ஐ மாஸ்க்தான் எங்கும் கிடைக்கிறது, விலையும் குறைவு. ஆனால் இதற்கு ஆகாது. மூக்குத்தண்டின் இரண்டு பக்கமும் சந்து விடும். மல்லாந்து தூங்குகிறவருக்கு அது தொந்தரவில்லை; குனிந்து வரைகிறவருக்கு அந்தச் சந்து வழியாகத் தாளின் கீழ்ப்பகுதி நன்றாகவே தெரியும். தெரிந்தால் கண் போகத்தான் செய்யும், வேண்டுமென்று பார்க்க வேண்டியதில்லை. பார்த்தோம் என்று வரைந்தவருக்கே தோன்றாது. தாள் சொல்லிவிடும்: உடம்புக்குக் கிட்ட உள்ள கால்வாசிப் பகுதியில் கோடுகள் ஒன்றையொன்று சந்தித்து ஒழுங்காக நிற்கும், மேலே போகப் போக இஷ்டத்துக்கு அலையும். அப்படி ஒரு தாள் வந்தால் கண்கட்டில் கசிவு இருக்கிறது என்று அர்த்தம்.

கண் இருக்கும் இடத்தில் குழிவாக, ஓரத்தில் தடித்த ஃபோமோடு வரும் மாஸ்க்கை வாங்குங்கள். உள்ளே கண்ணைத் திறந்தாலும் இருட்டுத்தான். இமையில் அழுத்தமும் இல்லை. இமையை அழுத்தினால் கண்ணுக்குள் மினுமினுப்பும் வளையமும் தோன்றும். அது அழகான விஷயம்தான், ஆனால் காது வேலை செய்ய வேண்டிய நேரத்தில் கவனத்தை அது எடுத்துக்கொள்ளும். பின்பக்கம் வெல்க்ரோ வைத்தது வேண்டாம், முடியைப் பிடித்து இழுக்கும். இழுத்து நகர்த்தும் பக்கிள் வைத்த எலாஸ்டிக் நல்லது. வாங்கியதும் சோதிக்க ஒரு வழி: மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, போன் டார்ச்சை மோவாய்க்குக் கீழே மேல்நோக்கிப் பிடியுங்கள். மூக்கருகே துளி வெளிச்சம் தெரிந்தாலும் விரல் தடிமனுக்குப் பஞ்சைத் திரித்து அங்கே வைத்து அடைக்க வேண்டும். மே மாதத்தில் ஏசி இல்லாத அறையில் ஃபோம் கால் மணி நேரத்தில் வேர்வையில் ஊறிவிடும். உள்ளே மேக்கப் துடைக்கும் பஞ்சு வில்லையை வைத்து ஆளுக்கு ஆள் மாற்றலாம். ஒருவர் போட்ட மாஸ்க்கை இன்னொருவருக்குக் கொடுக்கவே கூடாது. மெட்ராஸ் ஐ பரவ அதைவிட எளிய வழி வேறு வேண்டாம்.

மாஸ்க்குக்குக் காசில்லை என்றால் கறுப்புப் பருத்தித் துணியை நான்காக மடித்துக் கட்டலாம். இரண்டு மடிப்பில் ட்யூப்லைட் வெளிச்சம் ஊடுருவும். நான்கு மடிப்பானாலும் பத்து நிமிடத்தில் முடிச்சு தளரும்.

அடுத்தது தாள். சார்ட் பேப்பர் ஈரம் பட்டதும் அலை அலையாக எழும். பார்க்கிறவர் அதைச் சமாளித்துக்கொள்வார். கண் கட்டியவரோ அந்த மேட்டைத் தாளின் ஓரம் என்று நினைத்துத் திரும்பிவிடுவார். அதே இடத்தில் நான்காவது முறை தேய்த்தால் கிழியவும் செய்யும். 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள சொரசொரப்பான வாட்டர்கலர் தாள் இந்த இரண்டுக்கும் தாங்கும். முழுத்தாள் 22 × 30 அங்குலம். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து வரைகிறவருக்கு அதன் மேல் ஓரம் கைக்கு எட்டாது, எழுந்து முட்டி போட்டால்தான் எட்டும். அதனால் உட்கார்ந்து வரைய 15 × 22 அங்குல அரைத்தாளும், மேசை முன் நின்று வரைய முழுத்தாளும் சரி. ஏ3 சின்னது, நீண்ட கோடு ஒன்று இழுத்தாலே வெளியே போய்விடும். பருத்திக் கூழில் செய்த கைக்காகிதம் விரலுக்கு மிக நல்ல துணை. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் 1959 முதல் இந்த வகைத் தாள் செய்கிறார்கள். கைக்காகிதத்தின் பிசிர் ஓரமே எல்லையைச் சொல்லிவிடும். வாங்கும் முன் ஒரு மூலையில் தண்ணீர் சொட்டு விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் அந்தத் தாள் கிராஃபைட் (பென்சிலின் கறுப்பு) போன்ற உலர்ந்த பொடிக்கு மட்டும். சொட்டு சிறிது நேரம் நின்றால் பெயிண்டுக்கும் ஆகும்.

எவ்வளவு நல்ல தாளானாலும், அதை வெறும் மேசையில் டேப் ஒட்டி வைத்தால் இந்தத் திட்டம் ஓடாது. மாஸ்கிங் டேப்பின் தடிமனைப் பெயிண்ட் பூசிய விரல் உணராது. மரக்கடையில் அரை அங்குல ரீப்பர் கட்டை கேட்டு வாங்கி, 12 மி.மீ. பிளைவுட் பலகையில் தாளைச் சுற்றி நான்கு பக்கமும் திருகிவிட்டால் தூரிகை மரத்தில் போய் முட்டி நிற்கும். தாளுக்கும் கட்டைக்கும் நடுவே கால் அங்குலம் விடுங்கள், இல்லாவிட்டால் தாளை எடுக்கும்போது ஓரம் மடங்கும். கட்டைக்கு மேல் செலோ டேப் ஒட்டினால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் எம்-சீலை (ஓட்டை அடைக்கும் பிசின் மாவு) மிளகு அளவு உருட்டி ஒட்டுங்கள். உடம்புக்குக் கிட்ட உள்ள பக்கத்தில் மட்டும் இரண்டு. எந்த நேரத்திலும் இடது கை கட்டையைத் தடவி, “நடு இங்கே, நான் இந்தப் பக்கம்” என்று கண்டுகொள்ளும். இந்தப் பட்டியலிலேயே மிக மலிவான பொருள் இதுதான். இதுபோல வேலையை மாற்றிப்போடுவதும் வேறில்லை.

கிண்ணத்துக்குக் கலைப்பொருள் கடையில் விற்கும் பிளாஸ்டிக் பேலட்டைவிட ஏழு குழி வார்ப்புப் பணியாரக் கல் மேல். கனமாக இருப்பதால் கை பட்டாலும் கவிழாது, நகராது. நடுவில் ஒரு குழி, சுற்றி ஆறு. கடிகார முள் போல இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளலாம். எண்ணெய்ப் பிசுக்கு போகச் சாம்பலும் சோப்பும் போட்டுத் தேய்த்துவிட்டு வையுங்கள். பிசுக்கு இருந்தால் வண்ணம் திரிந்து நிற்கும். அதன் பிறகு அது அடுப்படிக்குத் திரும்பக் கூடாது. ஏழு குழி என்றதும் ஏழு ஸ்வரத்துக்கும் ஏழு வண்ணம் என்று ஒதுக்க ஆசை வரும். வேண்டாம். ஸ்வரத்தைக் கண்டுபிடித்து, குழியைத் தேடி, தூரிகையை மாற்றுவதற்குள் பாட்டு எங்கோ போய்விடும். கேட்பது நின்று போய்க் கணக்குப் போடுவதாக ஆகிவிடும். மூன்று குழி போதும், ஒன்று விட்டு ஒன்றாக.

இப்போது பெயிண்ட். கெட்டிப் போஸ்டர் கலர்தான் எங்கள் தேர்வு. தண்ணீரில் கழுவிவிடலாம், துணியிலும் பெரும்பாலும் போய்விடும், 100 மி.லி. புட்டியில் கிடைக்கும். ஒரே இடத்தில் தடித்துப் போட்டால் காய்ந்ததும் வெடித்து உதிர்வது அதன் குறை. கால் தேக்கரண்டி வெள்ளைப் பசையை 20 மி.லி. பெயிண்டில் கலந்தால் அது குறையும். அக்ரிலிக் பார்க்க அழகு. ஆனால் மின்விசிறிக்கடியில் மெல்லிய பூச்சு பத்து நிமிடத்துக்குள் காய்ந்துவிடும். கண் கட்டியவர் ஏற்கனவே போட்ட கோட்டின் ஈரத்தைத் தொட்டுத்தான் அடுத்ததை எங்கே வைப்பது என்று முடிவு செய்கிறார். அக்ரிலிக் அந்தத் தடயத்தை அழித்துவிடுகிறது. தூரிகையிலும் உடையிலும் காய்ந்தால் மீட்க முடியாது. ஹார்டுவேர் கடை வண்ணப்பொடி, எனாமல் எதுவும் வேண்டாம். விரலால் தொடுகிற வேலை இது. குரோம் மஞ்சள் என்று விற்பது ஈய குரோமேட்.

வண்ணத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலான தாள்கள் வீணாகின்றன. சிவப்பும் பச்சையும், மஞ்சளும் ஊதாவும் ஒன்றாக வைத்தால் ஐந்தே நிமிடத்தில் தாள் முழுக்கச் சேற்று நிறம். கலந்தது தெரியாததால் நிறுத்தவும் முடியாது. நீலம், அடர்சிவப்பு, வெள்ளை வைத்தால் எப்படிக் கலந்தாலும் ஊதா, இளஞ்சிவப்பு, வெளிர்நீலம் என்று சுத்தமாகவே நிற்கும். அலசும் தண்ணீர்க் கிண்ணமே வைக்காதீர்கள், நிச்சயம் கவிழும். ஒரு வண்ணத்துக்கு ஒரு தூரிகை. நீலத்துக்கு ஒரு ரப்பர் பேண்டு, சிவப்புக்கு இரண்டு, வெள்ளைக்கு மூன்று என்று காம்பில் சுற்றிவிட்டால் விரல் தானாகப் படித்துவிடும். ஒரு அங்குல அகலப் பன்றிமயிர்த் தட்டைத் தூரிகை போதும். காம்பைப் பத்து செ.மீ. அளவுக்கு அறுத்து முனையை உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். குனிந்த முகத்துக்கும் நீளக் காம்புக்கும் ஆகாது.

குழியில் பெயிண்டை அப்படியே ஊற்றினால் தூரிகை ஒரேயடியாக அள்ளிக்கொண்டு வந்து தாளில் சொத்தென்று விழும். பாத்திரம் தேய்க்கும் மெல்லிய ஸ்பாஞ்சைக் குழி அளவுக்கு வெட்டிப் போட்டு அதன்மேல் இரண்டு தேக்கரண்டி ஊற்றினால், முத்திரை பேடு போல அளவாகத்தான் கொடுக்கும். வண்ணத்தைத் தொட்டுணர ரவை கலக்கலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. ரவை தண்ணீரை உறிஞ்சி ஊதிக் கூழாகிவிடும், மிச்சத்தை மூடி வைத்தால் புளிக்கும். சலித்துக் கழுவிக் காயவைத்த மெல்லிய மணலை 20 மி.லி.க்கு ஒரு சிட்டிகை என்ற கணக்கில் நீலத்துக்கு மட்டும் சேருங்கள். சொரசொரப்பு தாளிலும் நிற்கும், மறுபடி அந்த இடத்துக்கு வரும் விரல் அடையாளம் கண்டுகொள்ளும்.

ஸ்பீக்கரா, ஹெட்போனா? தயக்கமில்லாமல் ஸ்பீக்கர். ஹெட்போன் மாஸ்க்கின் எலாஸ்டிக்கை அழுத்தி நகர்த்தும், ஒயர் இருந்தால் பெயிண்டில் விழும். அதைவிட முக்கியம், தலைக்குள் ஒலிக்கிற இசைக்குத் திசை கிடையாது. ஒரே ஒரு ஸ்பீக்கரைத் தாளின் மேல் ஓரத்துக்கு நேரே, மூன்றடி தள்ளி, தரைமட்டத்தில் வையுங்கள். அது வடக்கு ஆகிவிடும்; உடம்பு திரும்பினால் காது சொல்லும். பக்கவாட்டில் வைத்தால் ஆள் அந்தப் பக்கம் சாய்வார், கோடுகளும் அங்கேயே குவியும். ப்ளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வருவது பற்றி இங்கே கவலை இல்லை, ஒப்பிட்டுப் பார்க்கப் படம் எதுவும் ஓடவில்லையே. கவலைப்பட வேண்டியது ஸ்பீக்கரின் வாய்: நீட்டிப் பிடித்த கார்வை ஒன்றின் உச்சத்தில் “பேட்டரி லோ” என்று ஆங்கிலத்தில் அது பேசினால் அந்தத் தாள் அத்தோடு முடிந்தது. முழுசாக சார்ஜ் ஏற்றி, இசையை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டு, போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். இலவச ஸ்ட்ரீமிங்கில் நடுவே விளம்பரம் வரும்.

இசைக்கேற்பப் பெயிண்டின் பதமும் மாற வேண்டும். நீண்ட கார்வைகள் உள்ள ஆலாபனைக்குக் கை தூரிகையைத் தூக்காமல் இழுத்துக்கொண்டே போகும்; பெயிண்ட் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு. தாளவாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்துக்குக் கை தட்டத்தான் செய்யும். வாசிப்பு சுருங்கிக்கொண்டே வரும் குறைப்பு வந்து, முடித்துவைக்கும் கோர்வையை நெருங்கும்போது தட்டு வேகமெடுத்துப் பெயிண்ட் சிதறும், எனவே மூன்றரைக்கு ஒன்று என்று கெட்டியாக வையுங்கள். சொல் இருக்கிற பாட்டு, அதிலும் எல்லோருக்கும் தெரிந்த சினிமாப் பாட்டு, முதல் தாளுக்கு வேண்டாம். நிலா என்று கேட்டதும் எல்லோரும் வட்டம் போடுவார்கள். எட்டிலிருந்து பத்து நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் பழைய கோடுகளின் மேலேயே கை சுற்றும்.

பெயிண்டே இல்லாமலும் செய்யலாம். அமெரிக்கக் கலைஞர் ராபர்ட் மோரிஸ் 1973இல் தொடங்கிய ‘பிளைண்ட் டைம்’ வரிசை, கண்ணை மூடிக்கொண்டு கிராஃபைட் பொடியை விரலால் தாளில் தேய்த்துச் செய்தது. என்ன செய்யப் போகிறேன், எவ்வளவு நேரம் ஆகும் என்று முன்பே வகுத்துக்கொண்டு, முடிந்ததும் மதிப்பிட்ட நேரத்துக்கும் உண்மையான நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தாளின் அடியிலேயே எழுதினார். இந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: ராகம், நிமிடம், பெயிண்டின் பதம், வரைந்தவர் மனதில் நினைத்த இடம் எல்லாம் அடியில் பென்சிலால். பொடி பறக்கும், ஆகவே மின்விசிறியை நிறுத்தி, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்; கடைசியில் பொடியைத் தாளில் நிறுத்தும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்ப்ரேயை ஓரடி தள்ளி நின்று இரண்டு தடவை, வெளியில் வைத்து.

இன்னொன்றையும் தயாரிப்பின்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். அழைப்பிதழில் “பார்வையற்றவர்களின் உலகை உணருங்கள்” என்று போடாதீர்கள். வங்காள ஓவியர் வினோத் பிஹாரி முகர்ஜி 1950களில் பார்வையை முழுக்க இழந்த பிறகு காகிதம் வெட்டி ஒட்டியும் சுவரோவியம் அமைத்தும் பல ஆண்டுகள் வேலை செய்தார். அது வாழ்நாள் முழுதும் சேர்த்த கைத்திறன். பத்து நிமிடம் கண்கட்டை அவிழ்க்காமல் இருப்பது வேறு விஷயம்.

பதிவு செய்யப் போனைப் பலகைக்கு நேர் மேலே கிளாம்பில் மாட்டுங்கள். ட்யூப்லைட் இருந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால்தான் பட்டை பட்டையாக ஓடாது. எந்தக் கோடு எந்த இடத்து இசைக்கு வந்தது என்று வரைந்தவருக்குத் தெரியாது, அதைக் காட்டப்போவது இந்த வீடியோதான். இரண்டு பேருக்கு ஓர் உதவியாளர், பேசாமல்; யாராவது எழப் பார்த்தால் வலது தோளில் ஒரு தட்டு. இசை நின்றதும் கண்கட்டை அவிழ்ப்பதற்கு முன்பே பலகையோடு தூக்கிக்கொண்டு போய்த் தட்டையான இடத்தில் காயவிடுங்கள். தடித்த இடங்கள் காய இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், சாய்த்தால் வழியும். வழிந்த கோட்டையும் வரைந்த கோட்டையும் பிறகு பிரித்துச் சொல்ல முடியாது.