ராமேஸ்வரம் லாட்ஜ் மாடியில் 10 கிலோவாட் சோலார்: வேலை எப்படி இருந்தது?

கோயிலுக்குப் பக்கத்தில் லாட்ஜ் நடத்துகிறோம். மொட்டை மாடியில் சோலார் போட்டு ஒரு கச்சான் காற்றும் (தென்மேற்குக் காற்று) ஒரு வாடையும் தாண்டிவிட்டதால் இப்போது எழுதினால் சரியாக இருக்கும். போட்டவர்களின் பெயர் வேண்டாம், வேலையை மட்டும் சொல்கிறேன்.

முதலில் நல்லது. வந்த என்ஜினியர் மாடி ஏறுவதற்கு முன் கரண்ட் பில்லைக் கேட்டார், அறை அறையாகப் போய் என்னென்ன ஓடுகிறது என்று குறித்துக்கொண்டார், அப்புறம் "அண்ணே, பேனலுக்கு முன்னாடி ஃபேன மாத்துங்க" என்றார். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், கரண்ட் குறைவாக இழுக்கும் புது மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 30 வாட்டை ஒட்டித்தான் ஆகும், லாட்ஜில் ஃபேன் ஓயவே ஓயாது. வணிகக் கட்டணம் யூனிட்டுக்குப் பத்து ரூபாயை ஒட்டி நிற்கும்போது இது பெரிய பணம். தனக்கு வரவேண்டிய வியாபாரம் குறைந்தாலும் பரவாயில்லை என்று இதைச் சொன்னாரே, அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை.

10 கிலோவாட்டுக்குச் சுமார் 1000 சதுர அடி நிழலில்லாத மாடி வேண்டும், நல்ல வெயில் நாளில் 40 யூனிட் வரை கிடைக்கிறது. மிச்சத்தை இ.பி. லைனுக்கு ஏற்றினால் நாம் வாங்கும் விலை நமக்குக் கிடைக்காது, ஆகவே பகலிலேயே செலவழிப்பதுதான் லாபம். லாட்ஜுக்கு ராத்திரிதானே ஏ.சி. ஓடும் என்று பலர் தயங்குகிறார்கள். நம்ம ஊர் அப்படியில்லை. விடியலில் அக்னி தீர்த்தம், அப்புறம் 22 தீர்த்தம், தரிசனம் எல்லாம் முடித்து, மதியம் ஒரு மணிக்கு நடை சாத்தியதும் யாத்ரீகர்கள் அறைக்கு வந்து ஏ.சி.யைப் போட்டுப் படுத்துவிடுகிறார்கள், வெயிலும் அப்போதுதான் உச்சியில் இருக்கிறது. தண்ணீர் மோட்டாரையும் போர்வை துவைக்கும் மெஷினையும் பகலுக்கு மாற்றிவிட்டோம், பில் நன்றாகவே இறங்கியிருக்கிறது.

இனி கோபம். பேனல் தரமானது, உப்புக் காற்றுக்கான ஐ.இ.சி. 61701 சோதனைச் சான்றைக் காட்டித்தான் விற்றார்கள். ஆனால் அதைத் தாங்கும் ஸ்ட்ரக்சரில் கோட்டை விட்டுவிட்டார்கள். ஜி.ஐ. (துத்தநாகம், அதாவது ஜிங்க், பூசிய இரும்பு) சட்டங்களை மாடியிலேயே அறுத்துத் துளை போட்டு, அறுத்த முனைகளுக்கு ஜிங்க் பெயின்ட்கூட அடிக்காமல் போய்விட்டார்கள், போல்ட்டும் சாதா ரகம். ஒரு மழைக்காலத்துக்குள் துரு சிவப்பாக வழிய ஆரம்பித்துவிட்டது. 2025-ல் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கே இந்தக் காற்றுக்குப் பயந்து துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் துருவைத் தடுக்கும் பாலிசிலோக்ஸேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள், இங்கே தொழில் செய்ய வருகிறவர்களுக்கு அது தெரிய வேண்டாமா? பாம்பன் காற்றில் ஒரு பேனல் பிய்த்துக்கொண்டு தெருவில் விழுந்தால் யார் தலைக்கு ஆபத்து? விடாமல் போன் போட்ட பிறகு வந்து எல்லாவற்றையும் எஸ்.எஸ். 316 (உப்புக் காற்றைத் தாங்கும் துருப்பிடிக்காத எஃகு) போல்ட்டாக மாற்றி, முனைகளுக்குப் பெயின்ட் அடித்தார்கள், காசு கேட்கவில்லை.

சர்வீஸுக்கு வந்த பையன் போர் தண்ணீரில் பேனலைக் கழுவினான், காய்ந்ததும் வெள்ளையாகப் படிந்துவிட்டது. நம்ம போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று ஊருக்கே தெரியும். கமுதியில் 648 மெகாவாட் சோலார் ஆலையில் பேனலைத் துடைக்க ரோபோவே வைத்திருக்கிறார்கள், அங்கே தொல்லை தூசி. கரையில் உப்பும் காக்கை எச்சமும் சேர்ந்து ஒட்டிக்கொள்வதால் நல்ல தண்ணீரில், வெயில் ஏறுவதற்கு முன் கழுவ வேண்டும். இப்போது எங்கள் ஆளே செய்கிறார்.

கரண்ட் போனால் இந்த சோலாரும் நின்றுவிடும், லைனில் வேலை பார்ப்பவர் பாதுகாப்புக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள், பேட்டரி இல்லாமல் ஜெனரேட்டரை விற்றுவிடாதீர்கள். வீடுகளுக்குக் கிடைக்கும் 78,000 ரூபாய் வரையிலான மானியம் லாட்ஜுக்கோ கடைக்கோ கிடையாது.

5-க்கு 3.5 கொடுப்பேன். பக்கத்து லாட்ஜ்காரர் கேட்டபோது இவர்களைத்தான் சொன்னேன், போல்ட் எஸ்.எஸ். 316, ஸ்ட்ரக்சருக்கு 80 மைக்ரான் ஜிங்க் பூச்சு, வருடச் சர்வீஸ் எத்தனை முறை, இந்த மூன்றும் கொட்டேஷனில் எழுத்தாக வந்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள் என்றும் சொல்லிவிட்டேன்.