சீன மருந்து: சட்டியில் காய்ச்சுவதா, குருணையாக வாங்குவதா?

சீன வைத்தியர் நாடி பிடித்து, நாக்கைப் பார்த்து மருந்து எழுதியதும் பலருக்கும் வரும் குழப்பம் இது.

வேலை:
கஷாயம்: மூலிகைகளை அரை மணி நேரம் ஊறவைத்து, கொதி வந்ததும் தீயைக் குறைத்துக் காய்ச்ச வேண்டும். மண்சட்டிதான் சரி, இரும்பும் அலுமினியமும் ஆகாது. சிப்பி, ஓடு வகைகள் முதலில் போகும், புதினா கடைசி சில நிமிடம்தான். அப்புறம் மறுபடி நீர் ஊற்றி இரண்டாம் காய்ச்சல். இரண்டையும் கலந்து இரண்டு வேளைக்குப் பிரிக்கலாம். வீடெல்லாம் வாசனை.
குருணை: ஏற்கெனவே காய்ச்சி வற்றவைத்துச் சிறு மணிகளாக்கிய மருந்து. வெந்நீரில் கரைத்தால் முடிந்தது.

அளவை மாற்றுவது:
கஷாயம்: இஞ்சியைக் கூட்டலாம், அதிமதுரத்தைக் குறைக்கலாம். இதன் பெரிய பலமே இதுதான்.
குருணை: சேர்த்தே காய்ச்சிய கூட்டு மருந்தென்றால் உள்ளே இருப்பதை மாற்ற முடியாது.

செலவு: தைவானில் அரசு மருத்துவக் காப்பீடு குருணைக்கு உண்டு, கஷாய மூலிகைக்குப் பெரும்பாலும் கைக்காசுதான்.

பாதுகாப்பு: நாவிக் கிழங்கு சேர்ந்த மருந்தை வீட்டில் காய்ச்சுவதை நான் ஆதரிக்க மாட்டேன். அதை நீண்ட நேரம் கொதிக்கவிடாவிட்டால் நஞ்சு குறையாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் எந்த வடிவமானாலும் முதலில் தங்கள் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சீன மருந்துகளில் சேரும் டான்ஷென் வேர், வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவைக் கூட்டும்.

அலுவலகம், பயணம் என்று ஓடுபவர்களுக்குக் குருணை. வாராவாரம் மருந்தை மாற்றி எழுத வேண்டியவர்களுக்கு, வீட்டில் காய்ச்ச ஆளும் இருந்தால், கஷாயம்.