மாஸ் எஃபெக்ட் 3: முடிவைத் திருத்திய பிறகு

மாஸ் எஃபெக்ட் 3 என்ற விண்வெளி வீடியோ கேமை மூன்று வடிவங்களிலும் ஆடியிருக்கிறேன். 2012 மார்ச்சில் வெளியானபடி முதலில், அதே ஆண்டு ஜூனில் முடிவை விரிவாக்கி இலவசமாக வந்த எக்ஸ்டெண்டட் கட் சேர்த்து அடுத்து, 2021-இல் மூன்று பாகங்களையும் புதுப்பித்து ஒன்றாக விட்ட லெஜண்டரி எடிஷனில் பிறகு. ஒரு க்ளைமாக்ஸுக்காக ரசிகர்களும் ஒரு ஸ்டுடியோவும் மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய கதை இது. கோபமெல்லாம் ஆறிவிட்ட இப்போது, அந்தத் திருத்தம் எதைச் சரிசெய்தது, எதைத் தொடவே இல்லை என்று நிதானமாகச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. கடைசிக் காட்சி வரை பேசப்போகிறேன். இன்னும் ஆடாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏமாற்றம் ஏன் அவ்வளவு தூரம் போனது என்று புரிய, இந்தத் தொடர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். கனடாவின் எட்மண்டனில் இருக்கும் பயோவேர் 2007-இல் முதல் பாகத்தையும் 2010-இல் இரண்டாவதையும் வெளியிட்டது. உங்கள் சேவ் ஃபைல் பாகம் விட்டுப் பாகம் கூடவே வரும். நாம் ஆடும் நாயகப் பாத்திரமான ஷெப்பர்ட் ஆணா பெண்ணா, யாரைக் காப்பாற்றினார், யாரைச் சாகவிட்டார் எல்லாம் அதில் இருக்கும். இது வெறும் விளம்பரப் பேச்சு இல்லை. முதல் பாகத்தில் விர்மயர் கிரகத்தில், க்ரோகன் என்ற வேற்றுக்கிரக இனத்தைச் சேர்ந்த தோழர் ரெக்ஸ் கோபத்தில் உங்களுக்கு எதிராகத் துப்பாக்கி தூக்குவார். பேசிச் சமாதானப்படுத்தலாம், சாகவும் விடலாம். மூன்றாம் பாகத்தில் க்ரோகன்களுக்குத் தலைவராக நிற்பவர் ரெக்ஸா, ரீவ் என்ற அவருடைய முரட்டுச் சகோதரரா என்பதை அந்த ஒரு நிமிடம்தான் முடிவு செய்கிறது.

இரண்டாம் பாகத்தில் ஒரு விஞ்ஞானியின் ஆய்வுத் தரவை அழித்தீர்களா, வைத்துக்கொண்டீர்களா என்பதைப் பொறுத்து, மூன்றாம் பாகத்தில் ஈவ் என்ற க்ரோகன் பெண் சாவாள் அல்லது பிழைப்பாள். ரீவ் தலைவர், ஈவும் உயிரோடு இல்லை என்றால், க்ரோகன்களின் பிள்ளைப்பேறை முடக்கிய ஜீனோஃபேஜுக்கு மருந்து கொண்டுவந்திருக்கும் டாக்டர் மோர்டினிடம், இவர்களுக்கு மருந்து வேண்டாம் என்று பேசி அவரை உயிரோடு திருப்பி அனுப்பலாம். பெரும்பாலானவர்கள் இந்தக் கிளையைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். அவர்கள் ஆட்டத்தில் மோர்டின் பாட்டை முணுமுணுத்தபடியே கோபுர உச்சியில் சாவார். வருடங்களுக்கு முன் எடுத்த முடிவு, நாமே மறந்துபோன பிறகு வந்து கணக்குக் கேட்கும். இந்த விஷயத்தில் இதற்கு ஈடான தொடர் இன்னும் வரவில்லை என்றே நினைக்கிறேன்.

அந்தக் கணக்கு கடைசிப் பத்து நிமிடத்தில் நின்றுபோகிறது. லண்டன் போர்க்களத்தில் ஒளிக்கற்றையை நோக்கி ஓடி, சிட்டடெல் என்ற விண்வெளி நிலையத்துக்கு ஏறி, ரீப்பர்களை ஆட்டுவிக்கும், ஒரு சிறுவனின் உருவத்தில் வரும் கேட்டலிஸ்ட்டைச் சந்திக்கிறோம். சுழற்சிக்குச் சுழற்சி வந்து நாகரிகங்களை அழிக்கும் ராட்சத இயந்திரங்களான அந்த ரீப்பர்களை அழிக்கலாம், அடக்கி ஆளலாம், இல்லையென்றால் உயிர்களையும் இயந்திரங்களையும் ஒன்றாகக் கலந்துவிடலாம். சிவப்பு, நீலம், பச்சை. எதைத் தேர்ந்தாலும் அந்த நிற ஒளி பரவும், நட்சத்திரங்களுக்கு இடையே பயணிக்க உதவும் மாஸ் ரிலேக்கள் வெடிக்கும், ஷெப்பர்டின் நார்மண்டி விண்கப்பல் ஏதோ ஒரு காட்டுக் கிரகத்தில் போய் விழும். ஏ, பி, சி என்று எண்ணிவிடக்கூடிய முடிவாக இருக்காது என்ற பொருளில் இயக்குநர் கேசி ஹட்சன் வெளியீட்டுக்கு முன் பேட்டி கொடுத்திருந்தார். ஆடியவர்கள் எண்ணினார்கள். மூன்றுதான் வந்தது.

தர்க்க ஓட்டைகள் வேறு. கடைசி ஓட்டத்தில் நம்மோடு வந்த தோழர்களே அந்தக் காட்டுக் கிரகத்தில் கப்பலிலிருந்து சிரித்தபடி இறங்குவார்கள். எப்படி அங்கே போனார்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது. இரண்டாம் பாகத்துக்கு வந்த அரைவல் என்ற டிஎல்சியில், அதாவது தனியாக இறக்கிக்கொள்ளும் கூடுதல் அத்தியாயத்தில், ஒரு ரிலே வெடித்ததும் ஒரு நட்சத்திர மண்டலமே அழிந்ததை நாம் பார்த்திருக்கிறோம். அப்படியானால் எல்லா ரிலேக்களும் வெடித்தபோது யார்தான் மிஞ்சினார்கள்? இதெல்லாம் முடிந்து, பெயர்கள் ஓடி மறைந்ததும், டிஎல்சி வாங்கி ஷெப்பர்டின் கதையை மேலும் வளருங்கள் என்று ஒரு அறிவிப்பு வரும். எனக்கு அந்த மூன்று நிறங்களைவிட அதுதான் அதிகம் எரிச்சலூட்டியது.

ரசிகர்கள் காட்டிய எதிர்ப்பில் கோபமும் இருந்தது, குறும்பும் இருந்தது. ஏறத்தாழ 400 கப்கேக்குகளை ஸ்டுடியோவுக்கு அனுப்பினார்கள். மேலே சிவப்பு, நீலம், பச்சை. உள்ளே எல்லாம் ஒரே வனிலா. பயோவேர் அவற்றை இளைஞர் காப்பகம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டது. சைல்ட்ஸ் ப்ளே என்ற குழந்தைகள் நல அமைப்புக்கு ரசிகர்கள் 80,000 டாலருக்கு மேல் திரட்டினார்கள். புதிய முடிவுக்குத்தான் பணம் கட்டுகிறோம் என்று சிலர் தவறாக நினைக்கத் தொடங்கியதால் அந்த வசூல் நிறுத்தப்பட்டது. முடிவுக்கு முன்னால் கடைசியாக நம்மைச் சுடும் சாதாரண எதிரிக்கு ‘மரோடர் ஷீல்ட்ஸ்’ என்று பெயர் வைத்து, முடிவைப் பார்க்கவிடாமல் நம்மைக் காப்பாற்ற உயிர்விட்ட தியாகி என்று கொண்டாடியதுதான் என் பார்வையில் உச்சம். விளம்பரம் ஏமாற்று வேலை என்று புகாரும் போனது. பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் ஜூனில் அதைத் தள்ளுபடி செய்தது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆடியவர்களின் மனக்குறைக்கும் அந்தத் தீர்ப்புக்கும் சம்பந்தம் இல்லை.

மார்ச் 21 அன்று பயோவேரின் இணை நிறுவனர் ரே முசைகா ரசிகர்களுக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 5 அன்று எக்ஸ்டெண்டட் கட் அறிவிப்பு வந்தது, ஜூன் 26 அன்று அதுவே வந்துவிட்டது. காசு வாங்கவில்லை. முடிவை மாற்ற மாட்டோம், விளக்குவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள், அதன்படியே செய்தார்கள். ரிலேக்கள் இப்போது சேதமடைகின்றன, பிறகு பழுதுபார்க்கப்படுகின்றன. காயம்பட்ட தோழர்களை நார்மண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. (அந்த நேரம் முழுக்க ஹார்பிஞ்சர் என்ற ராட்சத ரீப்பர் சுடாமல் மரியாதையாகக் காத்திருப்பது தனி வேடிக்கை.) ஒவ்வொரு முடிவுக்கும் தனிக் குரல், தனிப் படங்கள். க்ரோகன்களுக்கும் குவாரியன்கள் என்ற இன்னொரு இனத்துக்கும் என்ன ஆனது என்று நம் முடிவுகளை ஒட்டியே காட்டுகிறார்கள். நினைவுச் சுவரில் ஷெப்பர்டின் பெயரை நாம் காதலித்தவரே பதிக்க வருவது அவசரமாகச் சேர்த்த காட்சிபோல் தெரியவில்லை. அந்த டிஎல்சி அறிவிப்பும் போய், நன்றி சொல்லும் செய்தி வந்தது.

அதாவது, ‘என்ன ஆச்சு?’ என்ற கேள்விக்கெல்லாம் பதில் கிடைத்தது. ‘ஏன் இப்படி?’ என்பதற்குக் கிடைக்கவில்லை. இயந்திரங்கள் தங்களைப் படைத்தவர்களை எப்போதும் எதிர்த்தே தீரும் என்பதுதான் கேட்டலிஸ்ட்டின் வாதத்துக்கு அடித்தளம். ஆனால் சில மணி நேரம் முன்புதான் ரனோக் கிரகத்தில், முந்நூறு வருடப் பகையை முடித்து கெத் இயந்திரங்களையும் அவற்றைப் படைத்த குவாரியன்களையும் நான் ஒன்றாகக் குடியமர்த்திவிட்டு வந்திருக்கிறேன். அந்தச் சமாதானம் சுலபத்தில் கிடைப்பதும் இல்லை. இரண்டாம் பாகத்திலிருந்தே டாலி என்ற குவாரியன் தோழியையும் லீஜன் என்ற கெத் தோழரையும் கவனித்துப் பார்த்து வந்திருக்க வேண்டும். அதைக் காட்டி வாதாட ஷெப்பர்டுக்கு ஒரு வரி வசனம் கூட இல்லை. எக்ஸ்டெண்டட் கட்டில் கேள்விகள் கூடின, இந்தக் கேள்வி வரவில்லை. ஆகஸ்டில் வந்த லெவியாத்தன் டிஎல்சி ரீப்பர்களின் பூர்வகதையைச் சொல்லி கேட்டலிஸ்ட்டுக்கு ஒரு வரலாறு கொடுத்தது. அதை முடித்துவிட்டுப் போனால் அந்தச் சிறுவன் திடீரென்று முளைத்தவனாகத் தெரியவில்லை. வாதம் என்னவோ அப்படியே நிற்கிறது.

நான்காவதாக ஒரு முடிவும் சேர்த்தார்கள். மூன்றையும் மறுக்கலாம், அந்தச் சிறுவனைச் சுடவும் செய்யலாம். மறுத்தால் ரீப்பர்கள் வெல்வார்கள், நம் காலத்து நாகரிகங்கள் எல்லாம் அழியும், நம் தோழி லியாரா விட்டுச்சென்ற பதிவுகளை வைத்து அடுத்த சுழற்சியில் வருபவர்கள் ஜெயிப்பார்கள். ரசிகர்களை ஸ்டுடியோ குத்திக்காட்டுகிறது என்று அப்போது பலர் சினந்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஷெப்பர்ட் தன் குணத்துக்கு ஏற்றபடி பேசும் ஒரே முடிவு அதுதான். ஆனால் நான் அதைத் தேர்வதில்லை, தோழர்களை அப்படிக் கைவிட மனம் வராது.

உண்மையில் ரசிகர்கள் பேச்சைக் கேட்டுச் செய்தது என்று நான் சொல்வது 2013 மார்ச்சில் வந்த சிட்டடெல் டிஎல்சியை. அதற்குக் காசு வாங்கினார்கள். முடிவை அது தொடவே இல்லை, கதைப்படி முடிவுக்கு முன்னால் நடக்கிறது. ஷெப்பர்டுக்கு ஒரு அபார்ட்மெண்ட், ஒரு அசட்டு வில்லன், தங்களையே கிண்டலடிக்கும் வசனங்கள், கடைசியில் எல்லாத் தோழர்களும் கூடும் ஒரு பார்ட்டி. உலகம் எரியும்போது பார்ட்டியா என்று கேட்டால் பதில் இல்லைதான். ஆனால் ஐந்து வருடம் கூடவே இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டு கிளம்ப ஒரு ராத்திரி வேண்டும் என்பதை யாரோ புரிந்துகொண்டிருக்கிறார்கள். அந்த ராத்திரிக்குப் பிறகு, கேட்டலிஸ்ட் மேல் இருந்த கோபம் எனக்குப் பாதியாகக் குறைந்துவிட்டது.

லெஜண்டரி எடிஷனைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. எக்ஸ்டெண்டட் கட் உள்ளேயே இருக்கிறது, மல்டிபிளேயர் இல்லை. ரீப்பர்களை அழிக்கும் முடிவில், ஷெப்பர்ட் உயிரோடு இருப்பதாகக் காட்டும் ஒரு நொடி மூச்சுக் காட்சி உண்டு. முதல் வெளியீட்டில் அதற்கு, போருக்காக நாம் திரட்டும் பலத்தைக் கணக்கிடும் போர்ப் புள்ளிகள் 4,000 வேண்டும். மல்டிபிளேயர் பக்கமே போகாதவர்களுக்கு அது எட்டாது. எக்ஸ்டெண்டட் கட் அதை 3,100 ஆக்கியது, இப்போது தனியாக ஆடியே எடுக்கலாம். டாலியின் முகம் என்று விலைக்கு வாங்கிய புகைப்படத்தில் ஒட்டுவேலை செய்து வைத்திருந்ததையும் மாற்றிவிட்டார்கள். அந்தப் புகார் 2012-இல் எழுந்தது, திருத்தம் 2021-இல் வந்தது.

புதிதாக ஆடுகிறவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. லெவியாத்தனை முடிவுக்கு வெகு முன்பே ஆடிவிடுங்கள், தள்ளிப்போட்டால் அதன் பயன் போய்விடும். சிட்டடெலை, செர்பரஸ் என்ற எதிரி அமைப்பின் தலைமையகத்தின் மேல் நடக்கும் தாக்குதலுக்குச் சற்று முன்னால் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள் பலர். நான் மாற்றிச் செய்கிறேன். கதை முடிந்ததும் கேம் உங்களை அந்தத் தாக்குதலுக்கு முந்தைய நார்மண்டியில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து சிட்டடெலுக்குப் போய், பார்ட்டியை முடித்து, சேவ் செய்துவிட்டு அணைத்துவிடுவேன்.