பழைய புல்லட்டின் எண்ணெய்க் கசிவு: பேஸ்ட்டா, புதிய சீலா, பிரீதரா?

முப்பது வயதைத் தாண்டிய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் எண்ணெய் சிந்தத்தான் செய்யும், அடியில் ஓர் அட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அப்பா விட்டுச்சென்ற 350 சிசி வண்டியைப் பெங்களூரு அல்சூரில் வைத்து ஓட்டுகிறேன். இரண்டு ஆண்டுகளில் மூன்று வழிகளை முயன்றுவிட்டேன்: சிலிகான் பேஸ்ட்; தரம் உயர்ந்த பேக்கிங்கும் (இரு பாகங்கள் சேரும் இடத்தில் இடையே வைப்பது) ஆயில் சீலும் (சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் வளையம்); மேம்படுத்திய பிரீதர் (எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் குழாய்). மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை. அது புரியாமல் செலவழித்ததிலேயே முதல் ஆண்டு போயிற்று.

எதையும் வாங்குமுன் எஞ்சினை டீசலால் கழுவித் துடைத்து, காய்ந்தபின் முகப்பவுடரைத் தூவி, ஏரியை இரண்டு சுற்று சுற்றி வாருங்கள். ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போகும். ஆகவே அதிகம் நனைந்த இடத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. முன்பக்கத்தில், மேற்புறத்தில் முதலில் ஈரம் காட்டுவதுதான் மூலம். நான் கியர்பாக்ஸ் கசிவு என்று நம்பியது, உண்மையில் டாப்பெட் கவரிலிருந்து, அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்யத் திறக்கும் மூடியிலிருந்து, வழிந்து வந்தது.

சிலிகான் பேஸ்ட் மலிவு. எந்தக் கடையிலும் கிடைக்கும். கிராங்க்கேஸின், அதாவது எஞ்சினின் அடிக்கூட்டின், இரு பாதிகள் சேரும் இடத்தில், பேக்கிங்கே இல்லாததால், ஒட்டுப்பொருள் அவசியம். அங்கே அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாக் கவரிலும் தாராளமாகப் பூசுவது ஆபத்து. வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளே பிதுங்குவது பிய்ந்து எண்ணெயோடு கலந்து, வடிகட்டியையும் எண்ணெய் வழியையும் அடைக்கும். பூசிய மாலையே வண்டியைக் கிளப்பினால் அதுவும் வீண். ஒரு முழு நாள் இறுக விட வேண்டும்.

தக்கைப் பேக்கிங், காகிதப் பேக்கிங், ரப்பர் கலந்த பேக்கிங் என்று வரும்போது என் தேர்வு இடத்துக்கு இடம் மாறும். டாப்பெட் கவரை அடிக்கடி திறக்க வேண்டியிருக்கிறது. வெறும் தக்கை சூட்டில் காய்ந்து நொறுங்குகிறது. அங்கே ரப்பர் கலந்த தக்கை நன்றாக உழைக்கிறது. வலப்பக்கப் பல்சக்கரங்களை மூடும் டைமிங் கவருக்கு நல்ல காகிதமே போதும், கவரின் முகம் சமமாக இருந்தால். தடித்த கண்ணாடியின் மேல் எமரித் தாளை விரித்து, கவரை அதன்மேல் எட்டு வடிவில் மெல்லத் தேயுங்கள். தேயாமல் கறுத்து நிற்கும் பகுதிதான் பள்ளம். இந்த அரைமணி நேர வேலை எந்த விலையுயர்ந்த பேக்கிங்கைவிடவும் மேல். இடப்பக்கச் செயின் கேஸை ஒரே நட்டுதான் பிடித்திருக்கிறது. கசிகிறது என்று அதை மேலும் முறுக்கினால் கவர் வளைந்து கசிவு கூடும். ரப்பர் வளையத்தை மாற்றுங்கள்.

ஆயில் சீலில் போட்டி இரண்டு ரப்பர் வகைகளுக்கு இடையே: சாதாரண நைட்ரைலுக்கும் வைட்டானுக்கும். நைட்ரைல் சுமார் 100 டிகிரி செல்சியஸ் வரை நிம்மதியாக உழைக்கும். வைட்டான் 200 டிகிரியையும் தாங்கும். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் காற்றே படாமல் எஞ்சின் காயும்போது அந்த வேறுபாடு பொருள் தரும். அதனால் கிராங்க் பக்கச் சீலுக்கு வைட்டான் வாங்கினேன், வருத்தமில்லை. சூடு குறைந்த ஸ்ப்ராக்கெட் (பின்சக்கரச் செயினை ஓட்டும் பல்சக்கரம்) பக்கத்துக்கு நைட்ரைல் போதும். உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோட்டில் பழுப்பு நிறத்தைக் காட்டி வைட்டான் என்பார்கள். நிறம் சான்றாகாது, உறையைப் படியுங்கள். தண்டில் நகத்துக்குத் தட்டுப்படும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் எந்தச் சீலும் நிற்காது.

இத்தனையும் செய்தபின் மீண்டும் ஈரம். சிவாஜிநகரில் பட்டறை வைத்திருக்கும் ஆம்பூர்க்காரரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். கைவிரலைப் பிரீதர் குழாயின் நுனியில் வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, அது உள்ளேயிருந்து தள்ளுகிறது. நீங்கள் வெளியே அடைத்துக்கொண்டிருக்கிறீர்கள்" என்றார்.

பிஸ்டன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் தனக்குக் கீழே 346 கன சென்டிமீட்டர் காற்றைத் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 3000 சுற்றில் இது நொடிக்கு 50 முறை. அந்தக் காற்று வெளியேற வேண்டும், பிஸ்டன் ஏறும்போது திரும்பி நுழையக் கூடாது. அதற்காகவே குழாயில் வாத்தின் அலகு போன்ற ரப்பர் வால்வு. காலப்போக்கில் அது விறைத்து ஒட்டிக்கொள்ளும். வழி அடைபட்ட காற்று இளகிய பேக்கிங்கைத் தேடிப் போகும். புதிய ரப்பர் வால்வு மலிவு, சில ஆண்டுகள் உழைக்கும். மெல்லிய தகடு கொண்ட உலோக ஒருவழி வால்வு விலை கூடுதல், ஆனால் விரைந்து திறந்து மூடுகிறது. அதையே தேர்ந்தேன். கிராங்க்கேஸுக்கு நெருக்கமாகப் பொருத்தி, மடங்காத அகலக் குழாயோடு சிறிய சேகரிப்புக் கலனையும் வைத்தேன்.

வாரக்கணக்கில் நின்ற வண்டியைக் கிளப்பியதும் பிரீதரில் எண்ணெய் கக்கினால் பதற வேண்டாம். பம்ப் வழியே எண்ணெய் அடியில் இறங்கியிருக்கிறது, அவ்வளவே. நாள்தோறும் ஓட்டியும் கக்கிக்கொண்டேயிருந்தால் பிஸ்டன் ரிங்கைப் பாருங்கள். அதற்கு வால்வும் மருந்தல்ல.

இன்று தொடங்குபவருக்கு என் வரிசை: முதலில் பிரீதர், அடுத்து கவர்களின் முகத்தைச் சமன்செய்து பேக்கிங், பிறகே வைட்டான். என் வண்டியில் டாப்பெட் கவரும் டைமிங் கவரும் நான்கு மாதமாக உலர்ந்திருக்கின்றன. ஸ்ப்ராக்கெட் பக்கம் மட்டும் இன்னும் லேசாகக் கசிகிறது. நைட்ரைல் சீல் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், சனிக்கிழமை மாற்றப்போகிறேன்.